பதுளை பஸ்ஸில் ஒரு சிவப்பு ரோபோ

பிளாஸ்டிக் ரோபோக்களைப் பாகம் பாகமாக ஒட்டி வர்ணம் தீட்டும் இளையவர்கள் சிலர் இந்த வலைப்பூவைப் படிக்கிறீர்கள். உங்களில் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். பதுளையிலிருந்து பசறைக்கு பஸ்ஸில் போகிறாராம், வர்ணம் அடித்த ரோபோவைச் சேதமில்லாமல் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதே பாதையில் நான் ஒரு ரோபோவைக் கொண்டுபோனதைச் சொல்லாமல் அந்த நாலு வரியை எழுத முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள், பதில் கடைசியில் இருக்கிறது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். இலங்கையில் தமிழர்களைத் தாக்கிய கலவரம் ஓய்ந்து, பகலில் மட்டும் ஊரடங்கைத் தளர்த்தியிருந்த சமயம். நான் பதுளைக் கடைவீதியில் ஒரு பேன்ஸி கடையில் வேலை பார்த்தேன். முதலாளி முஸ்லிம். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மைத்துனர் கப்பலில் இருந்தார். ஜப்பான் பக்கம் போகும்போதெல்லாம் ரோபோப் பெட்டிகள் வாங்கி அனுப்புவார். பெட்டியாக அடுக்கி வைத்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒன்றை ஒட்டி, வர்ணம் தீட்டி, கண்ணாடி அலமாரியில் நிறுத்தினால் கடை வாசலில் கூட்டம் நிற்கும். ஒட்டுவதும் தீட்டுவதும் என் வேலை. பெட்டிப் படத்தில் இருக்கும் வெள்ளையும் நீலமும் எனக்குப் பிடிக்காது. கராஜில் லொறிக்கு அடித்து மிஞ்சிய சிவப்பைக் கேட்டு வாங்கி வந்து, என் இஷ்டத்துக்கு அடிப்பேன்.

கலவரம் தொடங்கிய அன்று நானா என்னைத் தன் வீட்டு மேல்மாடி அறையில் வைத்து வெளியே பூட்டினார். ஜன்னலைத் திறக்கக் கூடாது. கடைவீதி எரிந்த புகை கதவிடுக்கு வழியாக வந்தது. தெருவில் யாராவது ஓடினால் நான் கட்டிலுக்கடியில் போய்ப் படுப்பேன். அதைப் பார்த்துவிட்டு, அவரே ஒரு ரோபோப் பெட்டியையும் சிவப்பு வர்ணத்தையும் ஒரு போத்தல் தின்னரையும் கொண்டுவந்து வைத்தார். கைக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்றார். தின்னர் உங்களுக்குத் தெரிந்ததுதான். வர்ணத்தை இளக்கவும் தூரிகையைக் கழுவவும் அது வேண்டும். பெற்றோல் மாதிரியே நெடியடிக்கும், பெற்றோல் மாதிரியே பற்றிக்கொள்ளும். முதல் நாள் தலையைப் பிளந்தது. அப்புறம் நெடியே தெரியவில்லை. பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், என் மனைவி புஷ்பம் இருந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. பதுளை எரிந்த சேதி அவளுக்குப் போயிருக்கும். நான் உயிரோடு இருக்கிற சேதி போயிருக்காது. பஸ் ஓடுகிறது என்று கேள்விப்பட்ட அன்றே கிளம்பினேன். ரோபோவுக்கு முகமும் வலது கையும் பாக்கி. வீட்டில் வைத்து முடிக்கலாம் என்று அதை இடுப்பில் கட்டும் பழைய சாரத்தில் சுற்றினேன். தின்னரை ஒரு மருந்துப் போத்தலில் ஊற்றிக் கார்க் அடைத்தேன். எல்லாம் ஒரே பைக்குள் போனது. நானா பஸ் நிலையம் வரை கூடவே வந்தார்.

"தம்பி, யார் என்ன கேட்டாலும் சிங்களத்துலயே பேசு. பேசாம இருந்தா இன்னும் நல்லம்" என்றார்.

பகல் ஒரு மணி பஸ். பசறைக்கு ஏறக்குறைய பன்னிரண்டு மைல். வழக்கமாக ஒரு மணி நேரம் பிடிக்கும். இடது பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு தெரியும், வலது பக்கம் உட்கார்ந்தால் மண் சுவர்தான் தெரியும். அன்று எல்லோரும் வலது பக்கத்தைத்தான் தேடினார்கள். வெளியிலிருந்து முகம் தெரியக் கூடாது என்ற எண்ணம்தான். சிங்களவர்கள், தமிழர்கள், ஒன்றிரண்டு முஸ்லிம்கள் என்று பஸ் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. நான் பையைக் காலடியில் வைத்துக்கொண்டேன்.

வளைவுகள் தொடங்கி மூன்று நான்கு மைல் போயிருப்போம். எனக்கு முன்னால் இருந்த சிங்களப் பெண் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். அடுத்த சீட்டுக்காரர் எழுந்து ஜன்னலைத் தூக்கினார். பின்னாலிருந்து யாரோ மெல்லச் சொன்னார்கள், பெற்றோல் வாடை என்று. அந்த ஒரு சொல்லில் பஸ்ஸே உறைந்துபோனது. அந்த மாதத்தில் பெற்றோல் என்றால் என்ன அர்த்தம் என்று பதுளையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஒரு வாடையும் வரவில்லை. எல்லோரும் முகர்கிறார்கள், எனக்கு மட்டும் தெரியவில்லை என்பதே இன்னும் பயமாக இருந்தது. யாரோ கொளுத்தப் போகிறார்கள், அது நடந்த பிறகுதான் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கதவு எத்தனை சீட் தள்ளி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

கடைசி சீட்டுக்கு முன் சீட்டில், ஐம்பது வயதிருக்கும், தேயிலைத் தோட்டத்துத் தமிழர் ஒருவர் சாக்கில் சுற்றிய தகர டின்னை மடியில் வைத்திருந்தார். எல்லோருடைய கண்ணும் அங்கே போனது. என் கண்ணும் போனது. சந்தேகமே இல்லை, இந்த ஆள்தான் என்று நான் நினைத்தேன். நம் ஆள் இப்படிச் செய்தால் நம் எல்லோரையும் சேர்த்தல்லவா கொல்வார்கள் என்று அவர்மேல் கோபம்கூட வந்தது. கண்டக்டர் டின்னைப் பிடுங்கிக் கவிழ்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை.

"வெறும் டின்னுங்க. லாம்புக்கு மண்ணெண்ணெய் வாங்கத்தான் டவுனுக்குப் போனேன். கெடைக்கலீங்க" என்றார் அவர். சிங்களத்தில் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

டின்னில் பழைய மண்ணெண்ணெய் நாற்றம் இருந்தது. அதுவே போதுமானதாகிவிட்டது. எண்ணெயை பஸ்ஸுக்குள்ளேயே எங்கோ ஊற்றிவிட்டான் என்று ஒருவர் கத்தினார். டிரைவர் ஒரு வளைவில் பஸ்ஸை நிறுத்தினார். இரண்டு பக்கமும் தேயிலை, மேலே மூடுபனி, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வீடில்லை. இரண்டு இளைஞர்கள் அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தார்கள். அவர் சீட்டுக் கம்பியை விடவில்லை. மறுபடி மறுபடி "வெறும் டின்னுங்க" என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

இறங்கி ஓடவேண்டி வந்தால் என்று நான் குனிந்து பையை எடுத்தேன். அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. உள்ளே கையை விட்டேன். சாரம் சொதசொதவென்று இருந்தது. கார்க் கழன்று கிடந்தது. ரோபோவின் தோள் விரலில் பிசினாக ஒட்டியது. தின்னர் வர்ணத்தைக் கரைத்து, பிளாஸ்டிக்கையும் இளக்கிவிட்டது. கையை வெளியே எடுத்துப் பார்த்தால் மணிக்கட்டு வரை சிவப்பு.

உடனே வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை. கையைச் சட்டைக்குள் ஒளித்தேன். நான் என்று சொன்னால் அவருக்கு விழப்போகிற அடி எனக்கு விழும், புஷ்பத்துக்கு நான் பிணமாகத்தான் போவேன் என்று தோன்றியது. அதற்குள் அவருடைய ஒரு கை கம்பியிலிருந்து பிரிந்துவிட்டது. அவர் என்னைத்தான் பார்த்தார். தமிழ் முகம் என்று கண்டுபிடித்திருப்பார். "தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார்.

நான் எழுந்தேன். சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வாடை என் பையிலிருந்து வருகிறது, அந்த மனுஷனை விடுங்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். சிவந்த கையைப் பார்த்ததும் முன் சீட்டுப் பெண் தன் கூடையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். கண்டக்டர் பையைக் கொட்டினார். இடது கையில் துப்பாக்கியோடு, தோள் உருகி, முகமில்லாத ஒரு ரோபோ பஸ் தரையில் விழுந்தது. இது என்ன என்று கேட்டார். பொம்மை, கடையில் வைக்கிற பொம்மை என்றேன். அவர் அதை எடுத்து முகர்ந்தார், போத்தலை முகர்ந்தார், பெயின்ட் என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார். பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள். என்னை யாரும் அடிக்கவில்லை. ஆனால் டிரைவர் எங்கள் இருவரையும் ஏற்றிப் போக மறுத்துவிட்டார். அவரை ஏன் இறக்குகிறீர்கள் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. கொட்டியதைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

பஸ் போன பிறகு அந்த ரோட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். என்னை மன்னிச்சிருங்க அண்ணே என்றேன். அவர் சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். பசறை வரைக்கும் சேர்ந்தே நடப்போம் என்றேன்.

"நீங்க முன்னால போங்க தம்பி. நான் பின்னாலயே வர்றேன்."

நடந்தேன். வாகனச் சத்தம் கேட்டால் இருவரும் தேயிலைக்குள் ஒதுங்கினோம், ஆளுக்கொரு இடத்தில். அவர் வந்து சேரட்டும் என்று நான் நின்றால் அவரும் நின்றார். மேலே நடந்தால் அவரும் நடந்தார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் ரோட்டைப் பார்த்துப் பயப்படவில்லை. என்னைப் பார்த்துத்தான் பயப்படுகிறார். பசறைக்கு ஒரு மைல் முன்னால் அவர் ஒரு குறுக்குப் பாதையில் இறங்கிப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

லயத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. வரிசையில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எங்கள் கதவைத் தட்டினேன். உள்ளே லாம்பு அணைந்தது.

"புஷ்பம், நான்தான்."

மறுபடி கூப்பிட்டேன். கதவுக்குப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. அழுதுகொண்டே பேசினாள். "அவர் மாதிரியே பேசுறீங்க. ஆனா பெற்றோல் வாடை வருதே. யாருங்க நீங்க?"

பையைத் தூரத்தில், தேயிலைக்குள் எறிந்துவிட்டு வந்தேன். எங்கள் கல்யாணத்தன்று நடந்த, எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயத்தைச் சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது. உள்ளே போன பிறகும் அவள் என் கையைத் தொட வெகு நேரம் ஆனது.

இனிப் பதில். ரோபோவின் கைகால்களைக் கழற்றித் தனித்தனியாகத் துணியில் சுற்றுங்கள். வர்ணம் நன்றாகக் காயட்டும். மலைநாட்டு ஈரத்தில் இரண்டு நாள் போதாது. பெட்டியை மேல் தட்டில் வைக்காதீர்கள், மடியில் வையுங்கள், வளைவுகள் அதிகம். இப்போது பஸ்கள் அடிக்கடி இருக்கின்றன, காலையில் போனால் மூடுபனி குறைவு. தின்னரை பஸ்ஸில் கொண்டுபோகவே வேண்டாம். பசறையில் பெயின்ட் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

இன்னொன்று. பையை மூடுவதற்கு முன், வர்ண வேலை தெரியாத ஒருவரிடம் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மூக்கை நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் இன்றும் அது புஷ்பத்தின் வேலை. பையைத் திறந்து முகர்ந்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போங்க" என்பாள். அதைக் கேட்காமல் நான் வாசல் தாண்டுவதில்லை. அந்த டின்காரருக்குத்தான் அப்படிச் சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை.