பாதரசச் சொட்டும் இரண்டாவது அலையும்

பாதரசம் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்தே வயதைக் கழிக்கும் தொழிலுக்குப் பெயர் போலரோகிராஃபி. இதில் மாட்டிக்கொண்ட சக அவதியாளர்களே, உங்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற, கரைசலில் உள்ள பொருள் அந்தச் சொட்டிலிருந்து எலெக்ட்ரானை வாங்கும். வாங்கும்போது வரைபடத்தில் ஒரு படி எழும். அதுதான் அலை. என் நைட்ரோ சேர்மம் அமிலத்தில் முதலில் நான்கு, பிறகு இரண்டு எலெக்ட்ரான் வாங்குகிறது என்பது என் கட்சி. மாதக் கடைசிக்குள் இரண்டாவது அலையைக் காட்டாவிட்டால் ஆய்வேட்டில் அந்த அத்தியாயமே கிடையாது என்று என் வழிகாட்டி மேடம் சொல்லிவிட்டார்.

வந்துடுச்சு!

முதல் நாளே இரண்டு அலை! திருவையாற்றுக்கு ஓடி அசோகா அல்வா வாங்கிவந்து துறை முழுக்கக் கொடுத்தேன். மேடம் ஒரு வாய் போட்டுக்கொண்டே நைட்ரஜன் சிலிண்டரைப் பார்த்தார். அடக் கடவுளே, நான் திறக்கவே இல்லை! இரண்டாவது அலை, நைட்ரஜன் விட்டுக் கரைசலிலிருந்து நான் விரட்டாமல் விட்ட ஆக்சிஜன் போட்டது.

"காத்தைத்தானேம்மா கண்டுபிடிச்சிருக்கே! அசோகா நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் வை."

சுவருக்கு அந்தப் பக்கம்

மாதக் கடைசி நாள். நைட்ரஜன் விட்டாச்சு, முதல் அலை ஜம்மென்று எழுந்தது. அடுத்தது வரும் நேரத்தில் மதில் ஓரத்து வயலில் குறுவை நெல் அறுக்கும் மெஷின் வந்து உறுமியது. தரை அதிர, சொட்டு முழுசாகத் திரளுமுன்பே உதிர, கோடு கோணல்மாணல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே ஓடி, "அண்ணே, பத்து நிமிஷம் நிறுத்துங்கண்ணே, ஒரு சொட்டு விழணும்!" என்று கெஞ்சினேன். டிரைவர் அண்ணன் கறுத்துக் கிடந்த வானத்தைக் காட்டினார்.

"மழை வந்தா உங்க சொட்டு நனையாதுங்க மேடம், வயக்காரங்க நெல்லு நனைஞ்சிடும்."

மெஷின் நின்றது

நெல் ஏறிய டிராக்டர் கிளம்பியதும் மழை கொட்டியது. தரை அடங்கிவிட்டது. கரண்ட் போய்விடக்கூடாதே என்று ஊர்ச்சாமி அத்தனையையும் கூப்பிட்டபடி மறுபடி ஓட்டினேன். முதல் அலை. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம், அதில் சரிபாதி உயரத்தில், இரண்டாவது! நான் போட்ட கூச்சலில், வராந்தாவில் மழைக்கு ஒதுங்கியிருந்த டிரைவர் அண்ணனும் உள்ளே எட்டிப்பார்த்தார். மேடம் ஓடிவந்தார். வரைபடத்தைப் பார்க்கவில்லை, நேராக சிலிண்டர் வால்வைத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். அதே அலை, அதே உயரம்.

"இந்தத் தடவை காத்து இல்லம்மா. மழை விட்டதும் போய் அசோகா வாங்கிட்டு வா, அந்தத் தம்பிக்கும் சேர்த்து."

ஒரு மூலக்கூறு ஆறு எலெக்ட்ரான் வாங்குவதை நிரூபிக்க ஒரு அறுவடையும் ஒரு மழையும் இரண்டு தடவை அசோகாவும் ஆகும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.