காப்பார் சாலையில் ஒரு லோத்தோங் குட்டி

எனக்கு அறுபத்தெட்டு வயது. வளர்த்தது ஒன்பது பேர். ஐந்து நான் பெற்றது. நான்கு, கொழுந்தனார் போன பிறகு என் கைக்கு வந்தது. ஒன்பதில் ஒன்றுகூட வீணாகப் போகவில்லை. ஒன்றுகூட என் பேச்சைத் தட்டியதும் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். மகன் வழிப் பேத்தி செல்வி எழுதித் தருகிறேன் என்றாள். ஆனாலும் மலேசியா போய் வந்ததை நானேதான் எழுதுவேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். மன்னார்குடியில் எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறிய பெண்பிள்ளை வேறு யாரும் கிடையாது. கல்யாணமாகி அங்கே போன என் மகள்கூடக் கப்பலில்தான் போனாள்.

1987ஆம் வருஷம், ஜூன் மாதம். மெட்ராஸில் ராத்திரி ஏறி, சுபாங் விமான நிலையத்தில் காலை ஏழரைக்கு இறங்கினேன். என் கடிகாரத்தில் மணி ஐந்துதான். மகள் சரோஜாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். கிள்ளானுக்கு டாக்சி இருபது வெள்ளி. வெள்ளி என்றால் அந்த ஊர் ரூபாய். நம் காசுக்கு ஐந்து ரூபாய் வைத்துக்கொள்ளலாம். வழியெல்லாம் ரப்பர், எண்ணெய்ப்பனை, நடுநடுவே மண்ணைத் தோண்டிப் போட்ட செம்மேடு.

வீட்டில் அடுப்படி ஓரம் ஒரு கூடை. உள்ளே துண்டில் சுருட்டி, கமலாப்பழ நிறத்தில் என்னவோ அசைந்தது.

“குரங்குக் குட்டி அத்தை” என்றார் மாப்பிள்ளை. துறைமுகத்தில் வேலை அவருக்கு. “காப்பார் ரோட்டுல இதோட தாய் லோரியில அடிபட்டுக் கெடந்துச்சு. இது அது வயித்துலயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. விட்டுட்டு வர மனசில்ல.”

லோத்தோங் என்று பெயராம். வளர்ந்தது சாம்பல் நிறமாக இருக்கும். குட்டி மட்டும் இப்படிப் பளபளவென்று பழ நிறம். சரோஜா இங்க் ஃபில்லரில் பால் கொடுத்தாள். அது என் விரலைப் பிடித்த பிடியில் என் ஒன்பதும் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள், கறுப்பு நூலைத் திரித்து அதன் இடுப்பில் அரைஞாண் கட்டினேன். இடுப்பு வெறுமையாக இருக்கும் பிள்ளையை நான் தூக்கியதில்லை.

“அம்மா, இது குரங்கும்மா” என்று சரோஜா சிரித்தாள்.

“குரங்குன்னா கண்ணு படாதா? தெருவே வந்து பாத்துட்டுப் போகுது. நான் கட்டினது கட்டினபடி இருக்கட்டும், அவுத்துடாதே.”

மறுநாளே பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கிளம்பினேன். நாத்தனார் மகன் அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறான். கிள்ளானிலிருந்து பஸ்ஸுக்கு ஒன்றரை வெள்ளி. வாசலில் ரயில் ஓடுகிறது, முக்குக்கு முக்கு பூக்கடை, எங்கே திரும்பினாலும் தமிழ். நாலு நாள் என்று போனவளை ஒரு மாதம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நானும் உபசாரத்துக்கு மயங்கி இருந்துவிட்டேன்.

திரும்பி வந்த ராத்திரி சரோஜா சொன்னாள், காப்பாருக்கு அந்தப் பக்கம் தாயில்லாத காட்டு உயிர்களை வளர்க்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். அங்கே லோத்தோங் கூட்டம் உண்டாம். அதில் ஒன்று குட்டியைப் பறிகொடுத்துவிட்டுப் பாலோடு இருக்கிறதாம். ‘உடனே கொண்டு வாங்க’ என்று அங்கே இருக்கிற டாக்டர் போனில் சொல்லியிருக்கிறாள். “அதுக்கு ஒரு அம்மா கெடைக்குதும்மா” என்றபோது சரோஜாவுக்குக் கண் கலங்கியது.

விடிந்தால் சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கே கிளம்பிவிட்டோம். மாப்பிள்ளைக்கு வேலை, நானும் அவளும்தான். டாக்சி போக வர முப்பது வெள்ளி. டிரைவர் தமிழர், பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடுகிற அந்த ஊர்த் தமிழர். சரோஜா மடியைப் பார்த்ததும் பிரேக் போட்டார்.

“என்னாக்கா இது? சீட்டுல மூத்திரம் போனா அஞ்சு வெள்ளி கூட லா.”

“துண்டு சுத்தியிருக்கேண்ணே.”

“எம்புள்ளைங்களுக்கே இவ்ளோ பாத்ததில்ல லா நான்.”

காப்பார் பதினைந்து கிலோமீட்டர். அதைத் தாண்டி ஏழு. பிறகு செம்மண் பாதை. உள்ளே மார்பில் மஞ்சள் பிறை வைத்த கரடிக்குட்டிகள் இரண்டு, அலகு உடைந்த ஒரு பெரிய பறவை. எல்லாவற்றுக்கும் தாயைக் கொன்ற கதை ஒன்று இருந்தது.

டாக்டர் சின்னப் பெண், தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். லோத்தோங் கூண்டுக்கு அழைத்துப் போனாள். எங்கள் தெருவில் பாதி அடங்கும், அவ்வளவு பெரிது. உள்ளே மரங்களே நின்றன. பெண் குரங்குகள் குட்டிகளைக் கைமாற்றிக் கைமாற்றி வைத்துக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் ஓரகத்திகள் நாங்கள் செய்ததைப் போலவே.

“இந்த நிறம் இருக்கிற வரைக்கும் யாரு புள்ளைன்னு பாக்காதுங்க பாட்டி. தூக்கிக்கும். கூட்டத்துல வளந்தா பின்னால எல்லாத்தையும் சேத்து காட்டுல விட்டுடலாம்” என்றாள் டாக்டர்.

அப்போது ஒன்று கம்பி வலைக்கு இறங்கி வந்தது. அதுதான் பால் சுரந்த தாய். எங்கள் குட்டியைப் பார்த்து, தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டு, கம்பி வழியாகக் கையை நீட்டியது. இத்தனை நாள் சரோஜாவின் புடவையை விடாத குட்டி, புடவையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் தாவப் பார்த்தது.

“ஒரு நிமிஷம், செக் பண்ணிட்டு விட்டுடலாம்” என்று டாக்டர் குட்டியை வாங்கி மேசையில் கிடத்தினாள். வயிற்று மயிரை விலக்கியதும் அவள் கை நின்றது.

“இது என்னா ஆன்டி?”

சரோஜா என்னைப் பார்த்தாள்.

“நான் கட்டினது” என்றேன்.

குட்டி வளர்ந்திருந்தது, நூல் வளரவில்லை. தோலுக்குள் இறங்கி, சுற்றிலும் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. சின்னக் கத்தரியால் இம்மி இம்மியாக வெட்டி எடுத்தாள். அது அலறிய அலறலுக்கு, கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அந்தத் தாயும் கத்தியது.

“இப்ப உள்ள விட முடியாது பாட்டி. ஆளுக்கு ஆள் இழுக்கும், புண்ணு பிரிஞ்சிடும். ஒரு மாசமாவது தனியா வைக்கணும்.”

“ஒரு மாசம் கழிச்சு விடேன்மா.”

“அதுக்குள்ள நிறம் போயிடுமே. சாம்பலாயிட்டா அதுங்க தூக்காது. அந்தப் பாலும் வத்திடும்.”

பால் வற்றுவதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குட்டியை வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் கிளம்பும்போதும் அந்தத் தாய் கம்பியைவிட்டுப் போகவில்லை.

டாக்சியில் டிரைவர் காலி மடியைப் பார்த்தார். “விட்டுட்டீங்களா? நல்லதா போச்சு லா. இனி அது அம்மாவோட இருக்கும்.”

காப்பார் தாண்டியதும் கேட்டேன். “குளிப்பாட்டும்போது நீ பாக்கலியாடி?”

“பாத்தேம்மா. போன வாரமே இறுகியிருந்துச்சு. நீ கட்டினது. அவுத்துடாதேன்னு சொல்லிட்டுப் போனே. நீ வந்து இளக்கிக் கட்டுவேன்னு இருந்தேன்.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே.”

“இதுக்கெல்லாமா போனுன்னு நீதான் கத்துவே.”

கத்தித்தான் இருப்பேன். முப்பத்தாறு வயது மகள், கடல் தாண்டிக் குடித்தனம் செய்கிறவள், ஒரு நூலை வெட்ட என்னைக் கேட்க வேண்டியிருந்தது. என் பேச்சைத் தட்டாத பிள்ளைகள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அந்தப் பெருமை கிள்ளான் வருவதற்குள் எனக்குக் கசந்துவிட்டது.

ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மறுபடி போனோம். புண் ஆறியிருந்தது. வாலும் கையும் முதுகும் சாம்பல். தலையில் மட்டும் கொஞ்சம் பழ நிறம் ஒட்டியிருந்தது. அதற்கு முந்தின நாள் பெரிய கூண்டின் கம்பி ஓரமாக வைத்துப் பார்த்தார்களாம். அந்தத் தாய் வந்து, மோந்து, திரும்பிப் போய்விட்டதாம். இனிமேல் இந்தத் தனிக் கூண்டில்தான், காட்டுக்கு விட முடியாது என்றாள் டாக்டர். எங்களைக் கண்டதும் குட்டி ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டது. சரோஜா கை நீட்டப் போனாள். நீட்டாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னை ஏன்டி பாக்கறே? உனக்குத் தோணினதைச் செய்” என்றேன்.

அவள் கம்பிக்குள் விரலைவிட்டு அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றாள். வெயில் ஏறும்வரை நான் கூப்பிடவில்லை.

செல்வி, இங்கே வா. இதை ஒரு தடவை சத்தமாகப் படி. உன் அத்தை சரோஜா மேல் பழி விழுகிற மாதிரி எங்கேயாவது எழுதியிருந்தேன் என்றால் அந்த இடத்தில் நிறுத்து. என்னைக் கேட்காதே, நீயே கோடு போட்டு அடித்துவிடு.