ஆட்டுத் தீனியில் ஊற்றிய வெந்நீர்

போன வருடம் ஆடி மாதம், தாராவியில் எங்கள் சந்தில் நடந்தது இது. நான் இட்லி அவித்து மாட்டுங்காவுக்கும் மாஹிமுக்கும் அனுப்புகிறவள். வாசலில் ஒரு வெள்ளாடு வளர்த்தேன். அதன் பாலில் பாதி பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போகும். ஒன்றரை வயது, பாக்கெட் பால் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த மழையில் கூரை ஒழுகி ஒரு மூட்டைத் தீனி பூசணம் பிடித்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டேன். கூடவே வாங்கிய இன்னொரு மூட்டை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கால்நடை டாக்டருக்குத்தான் சந்தேகம். பூசணம் விடும் விஷம் கண்ணுக்குத் தெரியாது, ஆட்டின் ஈரலைக் கெடுக்கும், பாலிலும் இறங்கும் என்றார். ஒரு பொடி கொடுத்தார். அதில் இருப்பவை உயிருள்ள நல்ல கிருமிகளாம். அந்த விஷத்தை அவை உடைத்துப் போடுமாம். அதை நம்பி அந்த மூட்டையையே ஆட்டுக்குப் போட்டேன், பாலும் வழக்கம்போலக் குழந்தைக்குப் போனது.

தினமும் தவறாமல் கலந்தேன், கொதிக்கக் கொதிக்க வெந்நீரில்! மழைக்காலத்தில் காய்ச்சாத தண்ணீரை எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைக்க மாட்டோம். வாயில்லாத ஜீவனுக்கு மட்டும் குழாய்த் தண்ணீரா என்று எனக்குப் பெருமை வேறு.

பத்தாம் நாள் ஆடு தீனியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. டாக்டர் வந்து இமையை விலக்கிப் பார்த்தார். கண் மஞ்சளாக இருந்தது. "பவுடர் டாலா?" என்றார், பொடி போட்டாயா என்று. போட்டேன், தினமும் வெந்நீரில்தான் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தச் சூட்டில் எல்லாமே செத்திருக்கும் என்றார்.

மாவில் சுடுதண்ணீரை ஊற்றினால் புளிக்காது என்று நன்றாகத் தெரிந்தவள் நான். அதுதான் என் பிழைப்பே. அந்தப் புத்தி எங்கே போனது என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டுக்காரி காலையில் சொன்னது ஞாபகம் வந்தது. "பிள்ள கக்கிக்கிட்டே இருக்கான்க்கா."

இந்தப் பாலைத்தானே அவன் குடித்தான்! அவள் வீட்டுக்கு நாலு எட்டுதான், என் வாசலிலேயே நின்றேன். பால் வற்றிப்போச்சு என்று சொல்லிவிடு, யாருக்கும் தெரியாது என்றது மனசு. ஆனால் விஷயத்தைச் சொல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் எதைப் பார்ப்பார்கள்?

"ஏ தாயி, பிள்ளைய தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் குடுத்த பாலு..." மீதியை வழியில் சொன்னேன்.

ஆஸ்பத்திரி டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தச் சந்தில் எப்படி உயிரோடு இருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈரலுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். வாந்திக்குக் காரணம் மழைக்காலத் தண்ணீராம். காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார்கள். அந்தப் பாலை மட்டும் உடனே நிறுத்தச் சொன்னார்கள். அழுதுவிட்டேன். அவள் அப்போதுதான் என் கையைப் பிடித்தாள்.

"நீங்க வந்து சொல்லலன்னா, சாயங்காலமும் அந்தப் பாலத்தானக்கா குடுத்திருப்பேன்."

புதுத் தீனியில் ஆடு மெல்லத் தேறியது. பொடியை இப்போது ஆறிய தண்ணீரில்தான் கலக்கிறேன். பால் மட்டும் அவள் வாங்குவதில்லை, நானும் கேட்பதில்லை. நல்லது செய்கிற பெருமையில், எப்படிக் கலப்பது என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டவள் நான். அதனால்தான் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பிள்ளை லேசாக இருமினால்கூட, மாவு கரைக்கும் என் கை இன்றும் அப்படியே நின்றுவிடுகிறது.