செத்த மீனும் என் கட்டை விரலும்

மீன் வெட்டுகிற தொழிலில், உயிரோடு துள்ளுகிற மீனைவிடச் செத்துக் கிடக்கிற மீனுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருஷமாக அருவாமணைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் சுகந்தி. மீன் விற்பது என் வேலையில்லை. நீங்கள் வேறு கடையில் வாங்கி வருகிற மீனைச் செதில் எடுத்து, குடல் எடுத்து, குழம்புக்கா வறுவலுக்கா என்று கேட்டுத் துண்டு போட்டுத் தருவேன். பிளஸ் டூ பாஸ் செய்திருக்கிறேன். சுகரும் இருக்கிறது. முதலாவதால் எந்தப் பிரயோஜனமும் இல்லை, இரண்டாவதால் எல்லாத் தொந்தரவும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு சிங்க்கில் மீனோடு மல்லுக்கட்டி, முள் குத்தியதும் விரலை வாயில் வைத்துக்கொள்கிற சக பாவிகளே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மார்க்கெட் வைத்தியம்

போன வருஷம் ஒரு கெளுத்தி என் வலது கட்டை விரலின் அடியில் முள்ளை ஏற்றியது. கெளுத்தி முள் ஏறினால் தோள்பட்டை வரைக்கும் விண்ணென்று தெறிக்கும். இருபத்திரண்டு வருஷமாக என்ன செய்து வந்தேனோ அதையேதான் அன்றைக்கும் செய்தேன். பக்கத்தில் இருந்த டப்பில் கையை முக்கி அலசினேன். காலையிலிருந்து நாற்பது மீனின் ரத்தமும் குடலும் ஊறிய தண்ணீர் அது. மீன் குத்திய புண்ணை மீன் கழுவிய தண்ணீரிலேயே கழுவுகிற புத்தி எங்களைத் தவிர வேறு யாருக்கும் இருக்காது.

அதன் பிறகு வைத்தியம். எனக்கு இடப்பக்கம் மீன் விற்கிற குப்பு அக்கா மூக்குப்பொடி வைத்தாள். எதிர்க்கடைக்காரி காப்பித்தூள் வைத்தாள். ஐஸ் உடைக்கிறவர் சுண்ணாம்பு தடவினார். குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவே வாசலில் கூடி, போய்க் கடலில் கையை நனை, உப்பு ஆற்றிவிடும் என்றது. யார் மனதும் நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் செய்தேன்.

மூன்றாம் நாள் கை முழங்கை வரைக்கும் வீங்கிச் சிவந்தது. கறுப்பாகக் கொப்புளம் போட்டது. குளிர்க் காய்ச்சலில் பல் கிட்டியது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். விரலடியைக் கீறி அழுகியதை எல்லாம் எடுத்தார்கள். கட்டை விரல் தங்கியது, நுனி மட்டும் இன்றுவரை மடங்காது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார், மீனிலும் கடல் தண்ணீரிலும் இருக்கிற கிருமி சுகர் உடம்பில் ரொம்ப வேகமாகப் பரவும், அடுத்த தடவை விரலோடு நிற்குமா கையோடு நிற்குமா என்று அவரால் சொல்ல முடியாது என்று. கட்டை விரல் இல்லாமல் மீனைப் பிடிக்க முடியாது. அருவாமணையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்த குப்பு அக்கா என் கையில் போட்டிருந்த கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ரொம்ப வருத்தத்தோடு சொன்னாள்: "நான் சொன்ன அளவுக்கு மூக்குப்பொடிய நீ வைக்கலடி. கம்மியா வச்சிட்ட."

நீலக் கடம்பா

டாக்டரம்மா எனக்குச் சில கட்டளைகள் போட்டிருந்தார். வெறும் கையால் மீனைத் தொடக் கூடாது. கையில் சின்னக் கீறல் இருந்தாலும் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டாமல் மார்க்கெட்டுக்குள் நுழையக் கூடாது. குத்திவிட்டால் வேலையை அப்படியே போட்டுவிட்டு, நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அவரிடம் ஓடி வர வேண்டும். வரும்போதே மீன் குத்தியது என்று சொல்ல வேண்டும்.

முதலில் பாத்திரம் கழுவுகிற நீல கிளவுஸ் வாங்கி மாட்டினேன். அருவாமணைக்கு அது வாழை இலை மாதிரி. மூன்றாம் நாள் சாயங்காலம் கழற்றும்போது பார்த்தால் இடது கை சுண்டு விரலில் கிளவுஸின் நுனியைக் காணோம். உள்ளே என் விரல் முழுசாக இருந்தது. குனிந்து கீழே தேடினேன், டப்பில் தேடினேன், கிடைக்கவில்லை. மறுநாள் காலையில், முந்தின நாள் கடம்பா, அதாவது கணவாய் மீன், வெட்டிக்கொண்டு போன ஒரு அம்மா காகிதத்தில் எதையோ மடித்து எடுத்து வந்தார். பிரித்தால், நன்றாக வெந்து மசாலா ஏறிய நீல ரப்பர். நான் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாவுக்குக் கோபமே இல்லை, சங்கடம்தான். "எங்க வீட்டுக்காரரு இத கடம்பான்னு நெனச்சு ரொம்ப நேரமா மென்னுட்டு இருந்தாரும்மா. நாந்தான் இன்னும் கொஞ்சம் வெந்திருக்கணும்னு சொல்லிட்டேன்."

மிசியேவின் சந்தேகம்

அதற்குப் பிறகு கத்தி வெட்டாத நூல் கிளவுஸ் உள்ளே, தடித்த ரப்பர் வெளியே என்று இரட்டைக் கவசம் போட்டேன். இப்போது வேறு வம்பு. வருகிறவர்கள் என் கையைப் பார்த்தார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு இரண்டு மணை தள்ளி உட்கார்ந்திருக்கிற இன்னொருத்தியிடம் போனார்கள். கையில் ஏதோ தோல் வியாதி, அதை மறைக்கத்தான் கிளவுஸ் என்று மார்க்கெட் முழுக்கப் பேச்சு. வியாதி வராமல் இருக்கப் போட்டது, வியாதி இருப்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது. கழற்றினால் விரல் போகும், மாட்டினால் ஆள் போகிறார்கள்.

எனக்கு ஒரே நம்பிக்கை பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர். மிசியே என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருஷம் பிரான்சில் இருந்தவர், ஐந்து ரூபாய்க் கொத்தமல்லி வாங்கினாலும் மெர்சி என்று நன்றி சொல்கிறவர். அங்கெல்லாம் மீன் கடையில் கிளவுஸ் இல்லாமல் தொட மாட்டார்கள் என்று அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவர் கூடையோடு வந்ததும் இரண்டு கையையும் பெருமையாக நீட்டிக் காட்டினேன். அவர் வாங்கி வந்த சங்கரா மீனைக் கொடுக்காமல் கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டார். "அங்க போட்டா அது சுத்தம் மதாம். இங்க போட்டா சந்தேகமா இருக்கு."

கேன் தண்ணீர்

டப் தண்ணீர் கூடாது என்றதால், குழாய் வைத்த ஒரு கேனில் நல்ல தண்ணீர் நிரப்பிப் பக்கத்தில் வைத்தேன். மேலே ஒரு சோப்பு. கை கழுவ மட்டும் என்று எழுதி ஒட்டினேன். ஒன்பது மணிக்குள் கேன் காலி. ஒருத்தி வெற்றிலை போட்ட வாயைக் கொப்பளித்தாள். பூக்காரர் தாகத்துக்குக் குடித்தார். சோப்பு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. மிச்சத் தண்ணீரைக் குப்பு அக்கா தன் மீன்கள் மேல் தெளித்துக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தேன். உன் மீன் பெருசா, என் விரல் பெருசா என்று ஆரம்பித்து நான் கத்தி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு இன்னொரு கை அள்ளித் தெளித்தாள். "கோச்சிக்காதடி. இந்தத் தண்ணி பட்டா மீனு கண்ணு முழிச்சுப் பாக்குது."

செவுளுக்குள் விரல்

மீன் வாங்குகிறவர்களில் பாதிப் பேர், செவுளுக்குள் விரல் விட்டுச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்காமல் நகர மாட்டார்கள். ஒரு நாள் புதிதாகக் கல்யாணம் ஆன பையன் மாதிரி இருந்த ஒருவர், ஆட்காட்டி விரலில் பச்சைக் காயத்தோடு வரிசையாக எல்லா மீனின் செவுளையும் நோண்டிக்கொண்டு வந்தார். வெங்காயம் நறுக்கும்போது வெட்டிக்கொண்டாராம். எனக்குப் பதறிவிட்டது. மணையை விட்டு எழுந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து, திறந்த காயத்தோடு மீனைத் தொடாதீங்க தம்பி என்று என் பன்னிரண்டு நாள் கதையைச் சுருக்காமல் சொன்னேன். பிளாஸ்திரி ஒன்றையும் நானே ஒட்டிவிட்டேன். அவர் ஒட்டிய விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா, மீனு ஃப்ரெஷ்ஷான்னு நான் பாக்க வந்தேன். நீங்க என் கை ஃப்ரெஷ்ஷான்னு பாக்குறீங்க."

பாதிக் கொடுவா

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கரைக்கு வந்த முதல் ஞாயிறு. மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. என் மணைக்கு முன்னால் மட்டும் காற்று வாங்கியது. தவளக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா மூன்று கிலோ கொடுவா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு மத்தியானம் புது மாப்பிள்ளைக்கு விருந்தாம், பஸ் பிடித்துத் திரும்ப வேண்டுமாம். அருவாமணைக்குப் பக்கத்தில் மீனை வைத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "அந்தக் கர்மத்தக் கழட்டிட்டுத் தொடு. மாப்ள சாப்புடுற மீனு."

வாரக் கணக்கில் ஆள் வராத வயிற்றெரிச்சல். ஒரே ஒரு மீன்தானே என்று கழற்றினேன். பாதி உடம்பு வெட்டியாகிவிட்டது. தலைப் பக்கம் திருப்பும்போது செவுள் மூடியில் இருக்கிற கூர் முள், அதே வலது கட்டை விரலில், பழைய தழும்புக்கு மேலேயே இறங்கியது. ரத்தம் பொட்டாக வந்தது. என் கை என்னைக் கேட்காமலே டப்பை நோக்கிப் போனது. தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. அந்த ஒரு சாண் தூரம் இப்போதும் நினைவிருக்கிறது.

உறிஞ்சித் துப்பிட்டு வேலயப் பாருடி என்றாள் குப்பு அக்கா. எங்கம்மா போற, பஸ்ஸு போயிடும் என்றார் தவளக்குப்பத்து அம்மா. நான் கேன் குழாயைத் திறந்து சோப்புப் போட்டு, முன்னூறு வரைக்கும் எண்ணிக்கொண்டே கழுவினேன். எண்ணுகிற நேரத்தில் அந்த அம்மா என் மாமியார் வரைக்கும் திட்டி முடித்தார். கொடுவா பாதி துண்டாகவும் பாதி முழுசாகவும் மணையில் கிடந்தது. ஈரக் கையைச் சுத்தமான துணியில் சுற்றிக்கொண்டு எழுந்து நடந்தேன். பின்னால் திட்டு கேட்டது, நான் திரும்பவில்லை. திரும்பினால் உட்கார்ந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

டாக்டரம்மா காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, மாத்திரை எழுதினார். பிறகு பேனாவால் சிவப்பைச் சுற்றி ஒரு கோடு போட்டார். சிவப்பு கோட்டைத் தாண்டினால் எந்த நேரமானாலும் ஓடி வர வேண்டும். அன்றைக்கு முழுக்க அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், சோறுகூட இடது கையால்தான். மறுநாள் காலையில் சிவப்பு கோட்டுக்குள்ளேயே சுருங்கியிருந்தது. விரலை மெல்ல அசைத்துப் பார்த்தேன். அசைந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன், அழுகையும் வந்தது. அந்த டாக்டரம்மா முந்தின நாள் என்னைப் பார்த்ததும் கேட்டதைச் சொல்லாமல் விட்டால் பாவம். "மீனு குத்தி அரை மணி நேரத்துல வர்றியே, நெஜமாவே மார்க்கெட்ல இருந்துதான் வர்றியா?"

விருந்துக்கு மறுநாள்

கட்டோடு மார்க்கெட்டுக்குப் போனேன். வெட்ட இல்லை, ஒரு வாரத்துக்கு மீன் தொடக் கூடாது என்று உத்தரவு. என் மணையைத் துடைத்து வைத்துவிட்டு வரலாம் என்றுதான். பார்த்தால் தவளக்குப்பத்து அம்மா எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, நேற்று பாதியில் விட்டுப் போனது தப்புதான், என் கை எனக்கு வேண்டியிருந்தது என்று ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. முந்தானைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. துணியின் ஓரத்திலிருந்து காப்பித்தூள் உதிர்ந்தது. மிச்சப் பாதிக் கொடுவாவை வீட்டில் அவரே வெட்டியிருக்கிறார்.

துணியைப் பிரித்தேன். காயத்தைச் சுற்றி லேசாகச் சிவந்து சூடாக இருந்தது. கேனை நிரப்பச் சொல்லி, குழாயடியில் கையைப் பிடித்துக் கழுவ வைத்தேன். சோப்பு பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டார். இந்தத் தடவை முன்னூறையும் அவரே எண்ணினார். குப்பு அக்கா மூக்குப்பொடி டப்பாவை எடுத்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். டாக்டரம்மாவிடம் போக ஆட்டோவில் ஏறும்போது அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மாப்ள மீனு நல்லா இருக்குன்னு ரெண்டு வாட்டி கேட்டு வாங்கி சாப்ட்டாரு. அவருக்கு மட்டும் இது தெரிய வேணாம்மா, மொத மொத வந்திருக்காரு."

இருபத்திரண்டு வருஷத்தில் எண்ண முடியாத மீன்களுக்குத் தலை எடுத்திருக்கிறேன், என் கட்டை விரல் ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரே ஒரு மீனைப் பாதியில் விட்டு எழுகிற துணிச்சல்தான்.