டோமென் மேட்டில் என் விசில்

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். கதை கட்டிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை, ஆடு மேய்க்கவே பொழுது சரியாக இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் மேல்வயலில் டோமென் இருக்கிறது. பல நூறு வருஷத்துக்கு முன்னால் படையெடுத்து வந்த நார்மன்காரன் மரக்கோட்டை கட்டக் குவித்த மண்மேடு. கோட்டை எப்போதோ போய்விட்டது. மேடும் சுற்றிலும் அகழியும்தான் மிச்சம். காற்று வீசினால் ஆடுகள் அந்த அகழியில்தான் ஒண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் இட்வாலின் பண்ணை.

அந்தப் பிப்ரவரியில் என் சினை ஆடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வேலி அறுபடவில்லை. நரி அடித்த அடையாளம் இல்லை. அந்தக் குட்டிகள் இல்லையென்றால் நான் பண்ணையை விட்டே போக வேண்டியதுதான்.

யார்மேல் சந்தேகம் வரும்? ஞாயிற்றுக்கிழமை சேப்பல் வாசலில் இட்வால் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருபது வருஷப் பழக்கம்! திருடன் இவன்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் பனிமூட்டம் இறங்கியது. மிச்ச ஆடுகளை ஓட்டி வர மோட்டைக் கூட்டிக்கொண்டு போனேன். மோட் என் நாய். பாதி வயலில் இருந்தபோது... மேட்டின் உச்சியிலிருந்து ஒரு விசில்.

எங்கள் பக்கம் மேய்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனி விசில் உண்டு. குட்டியிலிருந்து பழகிய நாய் அதற்குத்தான் கட்டுப்படும். நீளமாக ஒன்று, வெட்டினாற்போல் இரண்டு. 'என்கிட்ட வா' என்று அர்த்தம். அது என் விசில். முன்பல் இடைவெளியால் எனக்குக் கடைசியில் காற்று பிசிறும். அந்தப் பிசிறும் இருந்தது.

மோட் தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தான். பனிக்குள் பாய்ந்து ஓடிவிட்டான்.

"யோவ் இட்வால்! ஆடு பத்தாதுன்னு நாயையும் திருடுறியா? இறங்கி வாய்யா கீழ!"

மறுபடி விசில்... இன்னும் கொஞ்சம் கிட்டத்தில்.

கோபத்தில் விறுவிறுவென்று ஏறினேன். அகழி விளிம்பில் கால் நின்றுவிட்டது.

ஆடுகள்! காணாமல் போன என் ஆடுகள். நீல மை அடையாளம் போட்ட இட்வாலின் ஆடுகளும் கூட. மேட்டைச் சுற்றி வட்டமாக, உச்சியையே பார்த்தபடி நின்றன. ஒன்றுகூட அசை போடவில்லை. அந்தக் குளிரில் ஒன்றின் வாயிலிருந்தும் மூச்சுப் புகை வரவில்லை.

முதுகுப் பக்கம் காலடிச் சத்தம். திரும்பினேன். இட்வால். கையில் தடி.

"கையும் களவுமா மாட்டினியா! என் விசில எங்க கத்துக்கிட்ட, நெஸ்டா?" என்று கத்தினான்.

"உன் விசிலா?"

"ஒரு மாசமா இங்கேருந்து அடிக்கிறியே! இப்பகூட அடிச்சியே!"

"அடப்பாவி... நான் கேட்டது என் விசில்!"

தடி தாழ்ந்தது.

மேலே விசில்.

அவன் உச்சியைக் காட்டினான். "என்னோடது," என்றான்.

எனக்குக் கேட்டது என்னுடையது.

அவன் ஒரு அடி மேலே வைத்தான். நானும் வைத்திருந்தேன். எப்போது வைத்தேன்... தெரியாது.

பனியைக் கிழித்துக்கொண்டு மோட் வந்தான். பின்னோக்கி நடந்தபடி. உச்சியைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியபடி. என் கோட்டு நுனியைக் கவ்விக் கீழே இழுத்தான். நான் இட்வாலின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

உருண்டோம். எழுந்தோம். ஓடினோம்.

மறுநாள் வெயிலில் போய்ப் பார்த்தோம். அகழி காலி. ஒரு புழுக்கைகூட இல்லை. அந்த ஆடுகள் எங்கள் இருவருக்கும் திரும்பக் கிடைக்கவே இல்லை.

மோட் நொண்டினான் என்று கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். அந்தம்மா அவன் பின்னால் நின்று கையைத் தட்டினாள். அவன் திரும்பவே இல்லை.

"காது சுத்தமா போச்சுங்க. நேத்து இன்னிக்கு இல்ல, வருஷம் ஆகியிருக்கும். உங்க கையப் பாத்துத்தான் இத்தனை நாளும் வேலை செஞ்சிருக்கான்."

நேராக இட்வால் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான்.

"என் நாயும் அன்னிக்கு வீட்ல கட்டிதான் கிடந்துச்சு, நெஸ்டா. அப்போ அது..."

"நாயைக் கூப்பிடல," என்றேன்.