நாற்றங்காலில் கட்டிய கேசட்

என் மாமாவின் இரண்டாவது கேசட்டை என் அப்பா நாற்றங்காலில் குருவி விரட்டக் கட்டினார். இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இவ்வளவு கோபப்படுவது குழந்தைக்கு ஆகுமா என்று அதற்கும் ஒரு கவலை.

மாமா அம்மாவின் தம்பி. வேளாங்கண்ணியில் சர்ச் வாத்தியக் குழுவில் இருந்த நண்பரிடம் கித்தார் கற்றவர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுவார். முதல் கேசட் சுவாமிமலை முருகன் மேல். அதை அப்பா ஊரெல்லாம் கொடுத்தார். "எம் மச்சான் பாடுனது" என்று பண்ணையார் வீட்டுக்கும் ஒன்று கொண்டுபோனார். முருகனைப் பாடிய வரைக்கும் மாமாவால் எல்லோருக்கும் பெருமைதான்.

இரண்டாவது வேறு. மெட்ராஸ் ஸ்டூடியோவில் பதிவு செய்தது. எலக்ட்ரிக் கித்தார் உறும, டிரம்ஸ் இடிக்க, மாமா தொண்டை கிழியக் கத்தும் ராக் பாட்டுகள். அதில் ஒன்று எங்கள் ஊரைப் பற்றியது. ஒருவருக்கு இவ்வளவு நிலம்தான் என்று சர்க்கார் சட்டம் போட்டபோது, பண்ணையார் மிச்சத்தை வேலைக்காரர்கள் பேரில் பினாமியாக எழுதிவிட்டார். ஆட்சி மாறி மாறி வந்தது, வரப்பு மாறவில்லை. சமையல்காரர், வண்டிக்காரர், பண்ணையின் காரியஸ்தரான என் அப்பா, தொட்டிலில் கிடந்த நான் என்று எல்லோர் பேரிலும் நிலம். அதில் ஒரு பிடி மண் எங்களுக்குச் சொந்தமில்லை. ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. மாமா அந்தப் பெயர்களைப் பாட்டில் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் பிறகு "இது யார் வயல்?" என்று கேட்டிருந்தார்.

என் தம்பிக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. பண்ணையார் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமா சீர்த்தட்டோடு வந்து தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, "மொதல்ல என் கேசட்டப் போடச் சொல்லுங்க அத்தான், அப்பறம் குத்தட்டும்" என்றார். முருகன் பாட்டு என்று நினைத்து அப்பாவே மைக்செட்காரருக்குச் சைகை காட்டினார்.

மரத்தில் கட்டிய குழாய் வழியாகக் கித்தார் உறுமியது. சமையல்காரர் பெயர் வந்தது. பந்தலில் பேச்சு நின்றது. அப்பா பெயர் வந்தது. பிறகு என் பெயர். "எம் பேரு! எம் பேரு!" என்று நான் குதித்தேன். காது குத்த வந்த பத்தர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

பண்ணையார் மெதுவாக எழுந்தார். "மச்சான் நல்லாப் பாடுறாரு. பேரெல்லாம் சரியாத்தான் சொல்றாரு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போனார். அவர் போனதும் பாதிப் பந்தல் காலி.

மறுநாள், மாமா விற்பதற்காகக் கொண்டுவந்திருந்த கேசட்டுகளை எல்லாம் அப்பா உடைத்தார். நாடாவை உருவி, நாற்றங்காலில் குச்சி நட்டுக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். காற்றில் நாடா உர்ரென்று அதிர்ந்தால் குருவி இறங்காது. எங்கள் பக்கம் தேய்ந்துபோன கேசட்டைத்தான் அப்படிக் கட்டுவார்கள். இவை யாரும் இன்னும் கேட்டிராதவை.

மாமா வரப்பில் நின்று பார்த்தார். "நாலு பேர் கேக்கட்டும்னுதான் பாடுனேன் அத்தான்."

"குருவி கேக்குதுல்ல, போதும். உன் பாட்டுக்குக் குருவிதான்டா பயப்படும், பண்ணை பயப்படுமா? எனக்கு ரெண்டு புள்ள இருக்கு."

"அதுல ஒரு புள்ள பேர்லதான் அத்தான் இந்த வயலே இருக்கு."

அப்பா அடுத்த குச்சியை நட்டார். அம்மா, "சாப்பிட்டுப் போடா" என்று மட்டும் சொன்னாள். மாமா சாப்பிடாமல் பஸ் ஏறினார். மூன்றாவது கேசட் என்று ஒன்று வரவே இல்லை. பேராவூரணியில் ஒரு தேங்காய் மண்டியில் வேலைக்குப் போய்விட்டார்.

எங்கள் வீடே பண்ணை இடத்தில்தான் இருந்தது. அப்பா எங்களுக்காகத்தான் பயந்தார். பெற்றபிறகு எனக்கும் அந்தப் பயம் என்னவென்று தெரிகிறது. அவர் இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுக்கொண்டும் பார்த்துவிட்டேன். கோபம் இறங்கவில்லை. காரணம், அவர் அதோடு நிறுத்தவில்லை.

நாடா கட்டிய அன்று சாயங்காலமே எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டுப் பண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார். பண்ணையார் ஊஞ்சலில் இருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதுபோல் கணீரென்று சொன்னேன்.

"எம் பேருல இருக்கறது எதுவும் எங்களுது இல்லீங்க ஐயா. எல்லாம் உங்களுதுங்க."

"கெட்டிக்காரி" என்று சிரித்தார். "எங்க, இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன். உள்ளேயிருந்து அதிரசம் வந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. நான் தப்பில்லாமல் சொன்னதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம் என்று நினைத்து, யாரும் கேட்காமலே மறுபடியும் சொன்னேன், இன்னும் சத்தமாக.