பல்லால் பிரித்த வீடு

பொம்மைக் கட்டைகளின் தரம் பார்க்கும் தொழிலில் முதலில் தேய்வது பார்க்கிறவனின் பல்.

ஒட்டிக்கொண்ட இரண்டு பிளாஸ்டிக் கட்டைகளை நகத்தால் பிரிக்கப் பார்த்து, முடியாமல், பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வாயில் வைத்துக் கடித்து இழுத்திருக்கிறீர்களா? வெறுங்காலோடு ஒன்றை மிதித்துவிட்டு, குழந்தை எதிரில் நிற்பதால் சொல்ல வந்த வார்த்தையை விழுங்கியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நாம் உறவுக்காரர்கள். மேலே படியுங்கள்.

எண்பதுகளின் நடுவில், பி.காம். முடித்துவிட்டு மாட்டுங்காவில் சும்மா இருந்த என்னை ஒரு பொம்மை மொத்த வியாபாரி வேலைக்கு வைத்துக்கொண்டார். கட்ச் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் சேட். பேசியதெல்லாம் பம்பாய் இந்தி. இங்கே தமிழில் தருகிறேன். அசல் ஃபாரின் செட் என்றால் துபாயிலிருந்து யாராவது பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவர வேண்டும். அதைப் பார்த்து தாராவியிலிருந்து அம்பர்நாத் வரை ஆளுக்கொரு பெயரில் செட் போட்டுக்கொண்டிருந்தார்கள். எது தேறும், எது தேறாது என்று ஒப்பிட்டுச் சொல்வது என் வேலை. அப்பா இந்த வேலையைப் பற்றி யாரிடமும் பேசமாட்டார். அம்மா மட்டும் "க்வாலிட்டி கன்ட்ரோல்ல இருக்கான்" என்று சொல்லிக்கொள்வாள்.

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. புது செட்டின் பெட்டியை வேறு யாரையும் திறக்க விடமாட்டேன். முதல் கட்டையின் மேல் இரண்டாவது கட்டை 'டக்' என்று உட்காரும் சத்தத்தைக் கேட்க உடம்பே காதாகிவிடும். இருபத்து நான்கு வயது ஆளுக்கு இது அடுக்குமா என்று அப்போதும் யோசித்தேன். இப்போது ஐம்பத்தைந்து. இன்னும் முடிவுக்கு வரவில்லை.

மாமியார் வாசனை

நான் முதலில் தேறிவிட்டது என்று சொன்ன செட் பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறித்தது. பிடிப்பு நன்றாக இருந்தது. இருபது கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, மேல் கட்டையை மட்டும் பிடித்துத் தூக்கினேன், ஒன்றும் விழவில்லை. ஐம்பது பெட்டி வாங்கினோம்.

அந்தக் காலத்தில் பழைய பிளாஸ்டிக்கை உடைத்து உருக்கி மணிமணியாக்கி விற்பார்கள். தாணா என்று பெயர். எந்தப் பழைய பிளாஸ்டிக் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. இந்த செட்டுக்கு வந்த தாணா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் பாட்டில்களாக ஒரு ஜன்மம் வாழ்ந்துவிட்டு வந்திருந்தது. கடைக்குள் ஃபேன் காற்றில் தெரியவில்லை. மே மாத வெயிலில், மூடிய அறையில் தெரிந்தது. நாலாம் நாள் மாட்டுங்கா மார்க்கெட் பக்கத்திலிருந்து ஒரு மாமி பெட்டியோடு வந்து, அதை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"குழந்தை கட்டறது வீடு, வாசனை என்னமோ என் மாமியார் உள்ளே வந்து உட்கார்ந்துண்ட மாதிரி இருக்கு."

பெட்டியும் கட்டையும்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு கூட்டுறவு ஸ்டோர்காரர்கள் தீபாவளிக்கு ஆயிரம் பெட்டி கேட்டார்கள். ஒரே செட்டாக இருக்க வேண்டும். கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று அம்பர்நாத் ஃபாக்டரியின் 'சூப்பர் காஸில்'. பளபளக்கும் பெட்டி, அதன்மேல் கோட்டை, பொன்முடிக் குழந்தை. இன்னொன்று தாராவியிலிருந்து வந்த 'மினி மிஸ்திரி'. பழுப்பு அட்டைப்பெட்டி, மஞ்சள் காகிதத்தில் கரணை பிடித்த ஒரு கொத்தனார். அதைச் செய்தவர் சாகுல் பாய், கடையநல்லூர் பக்கத்திலிருந்து வந்தவர். ஒரே ஒரு கை மெஷின், அதுவும் வாடகைக்கு எடுத்தது. இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னொருவர் பட்டறையில் ஷிஃப்டுக்கு நிற்க வேண்டியதுதான் என்று அவரே சொல்லியிருந்தார்.

இரண்டு கட்டைகளையும் திருப்பிப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டின் அடிப்பக்கத்திலும், ஒரே மூலையில், ஒரே சாய்வில், ஒரு மெல்லிய கோடு. ஒருவர் கட்டையை இன்னொருவர் காப்பியடித்திருக்கிறார். பழுப்புப் பெட்டியையும் பளபளப்புப் பெட்டியையும் பார்த்தேன். முடிவுக்கு வர எனக்கு ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. "மினி மிஸ்திரி டுப்ளிகேட், சூப்பர் காஸிலைப் பார்த்துச் செய்தது" என்று சேட்டிடம் சொன்னேன். ஏதோ கொலையைக் கண்டுபிடித்தவன் மாதிரி இருந்தது.

மறுநாள் சாகுல் பாய் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. தன் கட்டை ஒன்றை என் மேஜைமேல் வைத்தார்.

"ஒரே ஒரு சங்கதி தம்பி. நீங்க பெட்டியப் பாத்தியளா, கட்டயப் பாத்தியளா?"

செம்பூர் அம்மாள் வீட்டு போட்டோ

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் ஒரு அம்மாள் செம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். அவர் தம்பி துபாயிலிருந்து அனுப்பிய அசல் ஃபாரின் செட் வீட்டில் இருக்கிறதாம், கட்டை போதவில்லையாம், அதோடு சேருகிற உள்ளூர்க் கட்டை வேண்டுமாம். பையன் என்ன கட்டுகிறான் என்று கேட்டேன். "பையனுக்கு என்ன தெரியும்? நான்தான் கட்டறேன்" என்றார். கைப்பையிலிருந்து பத்துக் கட்டைகளை எடுத்தார். சூப்பர் காஸில் அதன்மேல் உட்காரவே மறுத்தது. மினி மிஸ்திரி கொஞ்சம் முரண்டு பிடித்து உட்கார்ந்தது.

எனக்கு உள்ளே ஏதோ உறைத்தது. கண்ணாடி ஷோகேஸ்மேல் அவருடைய பத்துக் கட்டைகளையும் நெருக்கி ஒரு வரிசையாக வைத்தேன். அதற்குக் கீழே மினி மிஸ்திரி பத்து. அதற்கும் கீழே சூப்பர் காஸில் பத்து. ஒரு பக்கம் சமமாக இருந்தது. மறுபக்கம் படிக்கட்டு மாதிரி குறைந்துகொண்டே வந்தது.

"தாத்தா, அப்பா, பிள்ளைன்னு வரவரக் குறைஞ்சுண்டே வர்றதே," என்றார் அந்த அம்மாள். "எங்காத்து குரூப் போட்டோ மாதிரி."

சாகுல் பாய் சொன்ன காரணம்

உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது இம்மி சுருங்கும் என்று தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஒரு கட்டையை வைத்து அச்சு எடுத்தால், அந்த அச்சில் பிறக்கும் கட்டை அதைவிட இம்மி சிறியது. இதை வைத்து இன்னொருவர் அச்சு எடுத்தால் இன்னும் சிறியது. ஒற்றைக் கட்டையில் கண்ணுக்குத் தெரியாது. பத்தை அடுக்கினால் வம்சமே தெரியும். ஆக, சூப்பர் காஸில்தான் பிள்ளை. பழுப்புப் பெட்டிதான் அப்பன். அந்த அம்மாளையே கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, லேபர் கேம்ப் வழியாகத் தாராவிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

சாகுல் பாய் பட்டறையில் நாலு பேர் நின்றால் ஐந்தாம் ஆள் வாசலில் நிற்க வேண்டும். அச்சைத் திறந்து காட்டினார். அடிமூலையில் ஒரு கீறல். மெஷின் வந்த புதிதில் ஸ்பேனர் கைதவறி விழுந்த கீறல். நான் கொலைச் சாட்சியமாகக் காட்டிய கோடு அதுதான். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. அவர் லீவரை இழுத்து ஒரு கட்டையைத் தள்ளி, சூடு ஆற ஊதினார்.

"நானும் துபாய்க் கட்டய வச்சுத்தான அச்சு எடுத்தேன். அம்பர்நாத்காரன் செஞ்சது களவுன்னா, நான் செஞ்சது என்ன தம்பி? அதான் வாயத் தொறக்கல."

சேட்டின் பந்தயம்

சேட்டிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். முப்பது கட்டைகளையும் அடுக்கிக் காட்டினேன். படிக்கட்டைப் பார்த்தார், சிரித்தார், பான் போட்டுக்கொண்டார். அவர் மனசு மாறவில்லை. சூப்பர் காஸில் பெட்டி ஷோகேஸில் நின்றாலே விற்கும் என்றார். பெட்டி விற்கும், கட்டை திரும்பி வரும் என்று நான் சொன்னேன். அதுவரை அவரை நான் எதிர்த்துப் பேசியதில்லை. அவருக்கே அது பிடித்திருக்க வேண்டும்.

அம்பர்நாத் ஃபாக்டரி மேனேஜர் அங்கேயே தன் செட்டில் ஒரு வீடு கட்டட்டும். சாகுலும் அங்கே போய் அதே அளவில் ஒரு வீடு கட்டட்டும். இரண்டையும் காலை எட்டு மணி லோக்கலில், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டியில், என் மேஜைக்குக் கொண்டு வாருங்கள் என்றார்.

"எவன் அப்பன், எவன் பிள்ளைன்னு எனக்கு வேண்டாம். எது இங்கே வந்து சேரும்போதும் வீடா இருக்கோ அதுக்கு ஆர்டர்."

எட்டு மணி லோக்கல்

அந்த வண்டியில் போயிருக்கிறவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. போகாதவர்களுக்கு விவரித்துப் பயனில்லை. சாகுல் பாய் ஒரு பலகை, மேனேஜர் ஒரு பலகை, நடுவில் நடுவர் மாதிரி நான். மேனேஜர் நல்ல மனிதர், கழுத்தில் டை கட்டியிருந்தார். கல்யாணில் ஏறிய கூட்டம் எங்கள் மூவரையும் ஒருவராக்கியது. டோம்பிவிலியில் சூப்பர் காஸிலின் கூரை போனது. "கூரைதானே" என்றார் மேனேஜர். தாணேயில் பக்கத்துச் சுவர். முலுண்டில் மீதி. கட்டைகள் காலடியில் உருண்டன. யாரோ செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார் போலிருக்கிறது. ஒரு அலறல் கேட்டது. உறவுக்காரர்களே, உங்களுக்குத் தெரியும் அது என்ன அலறல் என்று. சாகுல் பாய் தன் பலகையை என் கையில் திணித்துவிட்டுக் குனிந்து, மேனேஜரின் கட்டைகளை அவரோடு சேர்ந்து பொறுக்கினார்.

இப்போது மினி மிஸ்திரி வீடு என் கையில். என் நெஞ்சு அடித்த அடியில் வீடு ஆடியது. குர்லாவில் ஒரு பெரும் அலை வந்து மோதியது. சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து, பலகைக்கு அடியில் கை கொடுத்தார்கள். பின்னால் இருந்தவர்களும் கொடுத்தார்கள். முகம் தெரியாத பத்துக் கைகளின்மேல் அந்தச் சிவப்பு வீடு, எங்கள் தலைக்கு மேலே, மின்விசிறிக்குக் கீழே மிதந்துகொண்டு வந்தது. சீட்டாட்டக்காரர்களில் ஒருவர் ரயில் பெட்டி முழுவதற்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"தூக்கிப் பிடிங்கப்பா, பம்பாய்ல இது போச்சுன்னா வேற வீடு கிடைக்காது."

பல்

வீடு முழுசாகச் சேட்டின் மேஜைக்கு வந்தது. சேட் ஒரு சுற்று பார்த்தார். பிறகு, கூரையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். நகம் மடங்கியது. "இது என்ன வீடு, பிரிக்கவே முடியலையே?" என்றார்.

"தாராவி வீடு சேட்," என்றார் சாகுல் பாய். "இடிக்க வாரவுகளுக்குத் தோதா நாங்க கட்டுறதில்ல." அந்த வருஷங்களில் குடிசைகளை இடிக்கத் தாராவிக்கு யார் யார் எதை எடுத்துக்கொண்டு வந்தார்கள் என்று தெரிந்தவர்கள் கடையில் இருந்தார்கள். சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. "சொல்யூஷன் போட்டு ஒட்டியிருக்கிறார்" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. சேட்டின் முகம் மாறியது. சாகுல் பாய் சட்டைப் பையில் கையை விட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை. என் பழைய குற்றம் மட்டும்தான் எனக்குக் கண்ணில் நின்றது. ஒரு தடவை இந்த மனிதரைத் திருடன் என்று சொல்லியாகிவிட்டது, இரண்டாம் தடவை கூடாது. அத்தனை சோதனைகளிலும் கட்டை பிடிக்கிறதா என்று பார்த்தேனே தவிர, விடுகிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. வீட்டை எடுத்து, கூரையின் மேல்வரிசையைக் கடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன்.

'டப்' என்று சத்தம் வந்தது. கூரை வாயோடு வந்தது. மேஜைமேல் வெள்ளையாக ஏதோ துள்ளி விழுந்தது. சேட் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "வெள்ளைக் கட்டை உடையுது" என்றார். அது என் முன்பல்லில் பாதி. மேனேஜர், பாவம், நேர்மையான ஆள். கூரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, பசை இல்லை என்று அவரே சொன்னார். சேட் ஆர்டர் புத்தகத்தை எடுத்தார். ஆனால், வாங்குகிற வீடுகளில் எல்லாம் ஒரு பல் போனால் என்ன செய்வது என்று கேட்டார். சாகுல் பாய் சட்டைப் பையிலிருந்து, மெஷினில் கழிவாக வருகிற தட்டைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை எடுத்தார். இரண்டு கட்டைகளுக்கு நடுவே நுழைத்து லேசாகத் திருப்பினார். வீடு பூப்போலப் பிரிந்தது. பெட்டிக்கு ஒன்று இதைப் போட்டுவிடலாம் என்றார். சேட் ஆர்டரை அவர் பெயருக்கே எழுதினார், வாடகை மெஷின் தாராவியிலேயே தங்கிவிட்டது. பிறகு சாகுல் பாய், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினார்.

"கேட்டிருந்தா இதக் குடுத்திருப்பேன்லா தம்பி, நீங்க ஏன் பல்லக் குடுத்திய?"

மூன்று வருஷம் பம்பாயின் அத்தனை கட்டைகளையும் இழுத்து, கடித்து, முகர்ந்து ஒப்பிட்ட எனக்கு, வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்பதுதான் எல்லாவற்றிலும் மலிவான சோதனை என்று தெரிந்தபோது, வாயைத் திறக்க முடியாதபடி வலித்துக்கொண்டிருந்தது.